முடிவு தெரிந்த கதையில் படிக்க என்ன இருக்கிறது? காதல் நாவல் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வெயில் ஏறுவதற்குள் பத்து வீடாவது முடித்தாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு சேலையைப் பிடித்து இழுக்கும். தோளில் துணிப்பை, பைக்குள் இருபது புத்தகம். பெண்களுக்கு வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் கேரளத்துக் கிராம நூலகங்களில் உண்டு. எங்கள் வாயனசாலையில் அந்த வேலை என்னுடையது. எல்லையோர ஊர் என்பதால் பையில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

ஒரு வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்த அக்கா, நான் நீட்டிய நாவலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துருவாங்களா அம்மிணி? இல்லைன்னா வேண்டாம். அழுவறதுக்கு வூட்டுலயே ஆயிரம் இருக்குது."

"சேர்ந்துருவாங்கக்கா."

அப்புறம்தான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

இதை வாயனசாலையில் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "முடிவைக் கேட்டுக்கிட்டு வாங்குற புத்தகத்துல படிக்க என்னம்மா மிச்சம் இருக்கு?"

சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் அங்கேதான் வரும்.

பதில் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று ஒன்று இருக்கும். அங்கே இரவு முழுக்கத் தோல்பாவைக்கூத்து நடக்கும். மலையாள நாட்டுக் கோயிலில் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. 21 இரவு தொடர்ந்து ஆடும் கோயில்களும் உண்டு. இதற்கு ஊரில் சொல்லும் கதை எனக்குப் பிடிக்கும்: ராவணன் செத்த நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அந்த வதத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவளுக்காகத்தான் இந்தக் கூத்து. எதிரே மனுசர் ஒருவர்கூட உட்காரவில்லை என்றாலும் ஆடுவார்கள், அம்மன் பார்க்கிறாள் என்று. ராவணன் சாவான் என்பது அவளுக்குத் தெரியாதா? எப்படிச் செத்தான் என்று பார்க்கத்தானே அத்தனை இரவு.

காதல் நாவலும் அப்படித்தான். சேர்வார்களா என்பது அதில் கேள்வியே இல்லை. சேர்வதற்கு முன்னால் இந்த இரண்டு பேரும் எதை விட வேண்டியிருக்கிறது, எதைக் கற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

எது காதல் நாவல்?

காதல் வருகிற நாவல் எல்லாம் காதல் நாவல் ஆகாது. சரித்திரக் கதையிலும் துப்பறியும் கதையிலும் காதல் உண்டு. அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம் இதற்கு இரண்டே நிபந்தனை வைத்தது. கதையின் நடுத்தூண் காதலாக இருக்க வேண்டும். முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். காதலை உருவி எடுத்த பிறகும் கதை நிற்கிறதென்றால் அது வேறு ஜாதிக் கதை. கடைசியில் ஒருவர் செத்துப்போனால் அது சோகக் காதல் கதை. உயர்ந்த இலக்கியமாகக்கூட இருக்கலாம், ஆனால் கடலை உரிக்கும் அக்கா வாங்க மாட்டார்.

இந்த வகையை வியாபாரமாக வளர்த்ததில் லண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் கம்பெனிக்குப் பெரிய பங்கு. ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகமும் போட்டவர்கள், பிறகு காதலிலேயே நிலைத்தார்கள். 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் அதை வாங்கியது. நம் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாத நாவல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இப்போது பாதிப் பேர் போனில் படிக்கிறார்கள். ஒரு அத்தியாயத்துக்கு 'எபி' என்று பெயர், அடுத்த அத்தியாயம் வந்தால் 'யூடி வந்தாச்சு'. என் பையைவிட அவர்கள் போன் கனமானது.

எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் இந்த வகைக்கு ஒரு வசைப்பெயர் உண்டு. மலையாளத்தில் 'பைங்கிளி'. முட்டத்து வர்க்கி எழுதி 1955இல் வந்த 'பாடாத்த பைங்கிளி' என்ற நாவலின் பெயரிலிருந்து வந்த சொல் அது. கொஞ்சம் உருகி எழுதினாலே "இது பைங்கிளியாணு" என்று தள்ளிவிடுவார்கள். தமிழ்ப் பக்கம் 'பொம்பளைங்க படிக்கிற கதை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆண்கள் படிக்கும் சண்டைக் கதையில் நாயகன் இருபது பேரைத் தனியாளாக அடிப்பதற்கு இப்படி ஒரு பட்டப்பெயர் ஏன் இல்லை என்று வாத்தியாரைக் கேட்டிருக்கலாம். அதுவும் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

வெளித்தடை, உள்தடை

இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது, உடனே கல்யாணம் என்றால் கதை நாலு பக்கத்தில் முடிந்துவிடும். எனவே தடை வேண்டும். தடை இரண்டு விதம். விளக்குவதற்கு நாமே ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்.

செல்வி, வயது 29. எல்லையோரத் தமிழ்ப் பள்ளியில் தினக்கூலி டீச்சர். அப்பா படுத்த படுக்கை, கீழே இரண்டு தம்பிகள். பிஜு, வயது 32. முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் அனுப்புகிறவன், மலையாளி. செல்வியின் அப்பாவுக்குச் சொந்தமான சின்னத் தோப்பை அந்த வருசம் அவன் குத்தகைக்குப் பிடிக்கிறான். இருவருக்கும் பிடித்துப்போகிறது.

வெளித்தடைக்கு இந்தக் கதையில் பஞ்சமே இல்லை. பாஷை வேறு, ஜாதி வேறு, பொள்ளாச்சியில் முறை மாமன் காத்திருக்கிறான். சாமியும் வேறு என்று வைத்துக்கொண்டால் சட்டமே ஒரு முடிச்சுப் போட்டுக்கொடுக்கும். 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், நோட்டீஸ் எல்லாருக்கும் தெரியும்படி அலுவலகத்தில் ஒட்டப்படும். அந்த முப்பது நாளை மட்டும் வைத்து ஒரு நாவல் எழுதலாம். யாராவது எழுதினால் முதல் பிரதி என் பைக்கு.

ஆனால் வெளித்தடையை வெளியிலிருந்தே தீர்த்துவிடலாம் என்பது ஓர் ஆபத்து. முறை மாமன் வேறு யாரையோ இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் உண்டல்லவா, அதில் ஒன்று செல்வியின் தம்பிக்கு அடித்துக் கடனெல்லாம் தீர்ந்துவிடுகிறது. சுபம். படித்து முடித்ததும் ஏமாந்தது போல இருக்கும். ஏன் என்று சொல்லத் தெரியாது. முதல் பக்கத்தில் இருந்த அதே செல்வியும் அதே பிஜுவும்தான் கடைசிப் பக்கத்திலும் நிற்கிறார்கள் என்பதுதான் காரணம். அவர்களைச் சுற்றி மற்றதெல்லாம் நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை.

இப்போது உள்தடையைப் போடுவோம். அம்மா இல்லாத வீட்டில் மூத்தவளாக வளர்ந்த செல்விக்குள் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: 'கேட்டால் கிடைக்காது. கேட்காமல் இருப்பதுதான் மானம்.' காய்ச்சல் வந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டாள். பிஜுவின் அப்பா வளைகுடா நாட்டில் இருபது வருசம். வீட்டுக்கு வந்தது பணம், ஆள் வரவில்லை. பிஜு கற்றுக்கொண்டது: 'பணம் கட்டிவிட்டால் பாசம் காட்டியாகிவிட்டது.' அவன் யாரையும் எதுவும் கேட்பதில்லை, செய்துவிடுவான். இரண்டுமே அவர்களைக் காப்பாற்றிய நம்பிக்கைகள். அதனால்தான் விட முடியவில்லை. எழுதுகிறவர்கள் இதை நாயகியின் 'காயம்' என்றும் 'பொய்யான நம்பிக்கை' என்றும் சொல்வார்கள். என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் 'மனசுல ஏறிப்போன கோணல்' என்றிருப்பாள்.

இப்போது பாருங்கள். செல்வியின் தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்ட முடியவில்லை என்பது பிஜுவுக்குத் தெரிகிறது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்க் கட்டிவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது அன்பின் உச்சம். அவளைப் பொறுத்தவரை ஊருக்கு முன்னால் மானம் போன நாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள், அந்த நேசமே முள்ளாகிவிட்டது. முறை மாமன் இல்லாமலே, ஜாதி இல்லாமலே கதை முறுக்கிக்கொள்கிறது. இந்த முடிச்சை லாட்டரிச் சீட்டால் அவிழ்க்க முடியாது. அவள் வாய்விட்டுக் கேட்கப் பழக வேண்டும், அவன் செய்வதற்கு முன் கேட்கப் பழக வேண்டும். வளர்ச்சி என்று காதல் நாவலில் சொல்வது இதைத்தான்.

இதில் எங்கள் எல்லைக்கே உரிய ஒரு விளையாட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சண்டைக்குப் பிறகு பிஜு வாசலில் வந்து நிற்கிறான். "செல்வியோடு கொஞ்சம் சம்சாரிக்கணும்" என்கிறான். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பெரியாத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? "சம்சாரமாக்கிக்கோணும்னா மொதல்ல தாலியோட வா தம்பி" என்று கதவைச் சாத்துகிறாள். சிரிப்புத்தான். ஆனால் அவனுக்குப் பேச்சே வராது என்பதுதானே அதுவரை சிக்கல்? வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வந்தவனைப் பார்த்துக் கதவு சாத்தப்படுகிறது. கதை அங்கே சூடுபிடிக்கிறது.

மனம் மாறியதை எப்படிக் காட்டுவது?

"அவள் மாறிவிட்டாள்" என்று எழுதிவிட்டால் போதாது. வாசகி நம்பமாட்டாள். இதற்கு நல்ல எழுத்தாளர்கள் வைத்திருக்கும் வழி, ஒரே நிலைமையை இரண்டு தடவை கொண்டுவருவது. மூன்றாம் அத்தியாயத்தில் செல்விக்குக் காய்ச்சல், சொல்லாமல் பள்ளிக்குப் போய் மயங்கி விழுகிறாள். இருபதாம் அத்தியாயத்தில் மறுபடி காய்ச்சல். போனை எடுக்கிறாள், வைக்கிறாள், எடுக்கிறாள். "எனக்கு முடியலை, வர முடியுமா?" ஏழெட்டு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு முன்னூறு பக்கம் ஆகியிருக்கிறது. மறுமுனையில் பிஜு ஆஸ்பத்திரி, டாக்டர், கார் என்று பறக்காமல் "நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறான். நாவல் அங்கேயே முடிந்துவிட்டது. கல்யாண மண்டபம் சும்மா நமக்குச் சாப்பாடு போடத்தான்.

அட்ஜஸ்ட் பண்ணுவது வளர்ச்சியா?

இங்கேதான் நான் கொஞ்சம் கோபப்படுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கதைகளில் நிறைய இடத்தில் வளர்ச்சி என்ற பெயரில் நடப்பது ஒன்றுதான்: நாயகி அட்ஜஸ்ட் பண்ணுகிறாள். வேலையை விடுகிறாள், மாமியாரின் சொல்லைப் பொறுக்கிறாள், அவன் கையை ஓங்கினாலும் 'அவருக்குச் சின்ன வயதில் எவ்வளவு வலியோ' என்று புரிந்துகொள்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் ஒரு துளிக் கண்ணீர் விடுகிறான். கீழே கமென்ட்டில் இருநூறு பேர் 'சூப்பர் சிஸ்' என்று எழுதுகிறார்கள். இந்த நாயகனுக்கு 'ஆன்டி ஹீரோ' என்று பெயர். பத்தாவது எபி வரை அவன் செய்வதை எடுத்து வைத்தால், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் வருடச் சட்டத்துக்கு உதாரணம் காட்ட வேறெங்கும் போக வேண்டாம்.

ஆன்டி ஹீரோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரடுமுரடானவன் திருந்துவது பழைய, பலமான கதை. ஆனால் அவன்தான் திருந்த வேண்டும். அவள் பழகிப்போவதை அவன் திருந்தியதாகக் கணக்கு எழுதக்கூடாது.

வளைந்து கொடுப்பதையும் வளர்வதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மாறிய பிறகு அந்த ஆளுக்கு இடம் கூடியதா, குறைந்ததா? செல்வி கேட்கக் கற்றுக்கொண்டால் அவளுடைய உலகம் பெரிதாகிறது. தம்பியிடம் கேட்பாள், தலைமையாசிரியரிடம் கேட்பாள், நாளைக்குப் பிஜு இல்லாவிட்டாலும் கேட்பாள். அதே செல்வி 'இனி அவர் என்ன செய்தாலும் கோபப்படமாட்டேன்' என்று தீர்மானித்தால் அவள் சுருங்குகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் சண்டை தீர்ந்தது போலத்தான் இருக்கும். ஒன்றில் பிரச்சினை போயிருக்கும், இன்னொன்றில் ஆள் போயிருப்பாள்.

மன்னிப்புக் கேட்கும் அத்தியாயம் இதற்கு நல்ல உரைகல். இங்கிலீஷ் நாவல் படிக்கும் பெண்கள் இதை 'க்ரோவல்' என்பார்கள், மண்டியிட்டுக் கெஞ்சுவது. பூங்கொத்து, வைர மோதிரம், ஊர் முன்னால் முழங்கால் போடுவது எல்லாம் அதில் வரும். எனக்கு அவை எடுபடுவதில்லை. பிஜு மன்னிப்புக் கேட்க ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்தால், அவன் பழைய தப்பையே கொஞ்சம் பெரிய தொகையில் செய்கிறான் என்றுதான் அர்த்தம். கையை வீசிக்கொண்டு வந்து, 'பீஸ் கட்டுவதற்கு முன் உன்னைக் கேட்டிருக்கணும், கேட்கலை' என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை சும்மா நின்றால் அது மன்னிப்பு. செய்த தப்பின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அப்புறம் நிற்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

உறவு செத்துப்போகும் இடம்

பமேலா ரெஜிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2003இல் இந்த வகையைப் பற்றி ஒரு ஆய்வு நூல் எழுதினார். எந்தக் காதல் நாவலை எடுத்தாலும் எட்டு உறுப்புகள் இருக்கும் என்றார். கதை நடக்கும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வாய்விட்டுச் சொல்வது, ஒரு சடங்கு மரணம், உணர்தல், கடைசியில் ஒப்பந்தம் அல்லது நிச்சயம். இந்த வரிசையிலேயே வர வேண்டும் என்றில்லை.

மற்றவை பெயரிலேயே புரியும். 'சடங்கு மரணம்' மட்டும் விளக்க வேண்டியது. யாரும் சாக வேண்டியதில்லை. இனி இந்த உறவு பிழைக்காது என்று வாசகிக்கே தோன்றும் புள்ளி அது. முடிவு தெரிந்திருந்தும் வயிற்றைப் பிசைகிறதே, அந்த இடம். அதன் வேலை என்ன? பழைய ஆளைச் சாகவைப்பது. கேட்காத செல்வியும் பேசாத பிஜுவும் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் அந்தப் பிரிவு உள்தடையிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும். யாரோ ஒரு வில்லி போட்டோவைக் காட்டிப் பிரித்துவிட்டாள், ஒரு போன் பண்ணியிருந்தால் தீர்ந்திருக்கும் என்கிற பிரிவு எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பும். 'போன் எடுத்துப் பேசித் தொலையேன்டி' என்று புத்தகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். ஆனால் பேச முடியாததே அவளுடைய நோயாக இருந்தால், அந்தப் போனை எடுக்காததை நான் நம்புவேன்.

மன இயலிலும் இதற்குத் துணை உண்டு. குழந்தைக்கும் வளர்த்தவர்களுக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் சொன்னதை, ஹேசன், ஷேவர் என்ற இருவர் 1987இல் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நெருங்கினால் பதறாதவர்கள் சிலர், விட்டுப் போய்விடுவார்களோ என்று பதறுகிறவர்கள் சிலர், நெருங்க வந்தாலே ஒதுங்குகிறவர்கள் சிலர் என்று மூன்று வகை. இன்றைய நாவல்களில் பதறுகிறவரையும் ஒதுங்குகிறவரையும் ஜோடி போட்டு விடுவது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் துரத்தத் துரத்த இன்னொருவர் ஓடுவார், கதை தானாக நகரும். சில எழுத்தாளர்கள் இதை மருத்துவச் சீட்டு மாதிரி எழுதிவிடுகிறார்கள். பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் கவுன்சலிங் பாடம் பேசுகிறது. அங்கே நான் பக்கம் தாண்டிவிடுவேன்.

நமக்கு இது புதுசா?

வாத்தியார் இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று தெரியும். தொல்காப்பியம் காதலைக் களவு, கற்பு என்று பிரித்து வைத்தது. ஊர் அறியாத காதல், ஊர் அறிந்த இல்லறம். புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என்று ஐந்து நிலைக்கு ஐந்து திணையும் கொடுத்தது. மகளின் காதலைத் தோழியும் செவிலியும் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். வெளித்தடையை நம் ஆட்கள் எத்தனை நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது, பெயர் சொல்லக்கூடாது என்பதே விதி. அந்த ஏக்கம் யாருடையதாகவும் இருக்கலாம், அதனால் எல்லாருடையதும் ஆகிறது. நாவலில் பெயர் வந்துவிடுகிறது. பெயர் வந்தால் ஊர் வரும், அப்பா வருவார், சின்ன வயதில் பட்டது வரும். பாட்டு ஒரு கணத்தைப் பிடிக்கிறது. நாவல் அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் ஆள் எப்படி மாறினாள் என்பதைப் பிடிக்கிறது.

குறளில் எனக்கு வியப்பு ஒன்று உண்டு. காமத்துப்பால் 25 அதிகாரம், அதில் களவியல் 7, கற்பியல் 18. சேர்வதற்கு முன் நடப்பதைவிடச் சேர்ந்த பிறகு நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் இடம். முடிவதும் கல்யாணத்தில் இல்லை. 131 புலவி, 132 புலவி நுணுக்கம், 133 ஊடலுவகை. கோபித்துக்கொள்ளுதல், அந்தக் கோபத்தின் நுணுக்கம், கோபித்துக்கொள்வதிலுள்ள சந்தோஷம். சண்டை போடத் தெரிந்த ஜோடியோடு நூலே முடிகிறது. தாலி கட்டியவுடன் 'முற்றும்' போடுகிற நம் நாவல்கள் பாக்கி பதினெட்டு அதிகாரத்தை விட்டுவிடுகின்றன. கல்யாணத்தில் தொடங்கி அதற்குப் பிறகு காதல் வருகிற கதைகள் தமிழில் இத்தனை ஓடுவதற்கு, பார்த்து வைத்த கல்யாணம் அதிகமாக இருப்பது மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

படிக்கிறவள் எங்கே?

ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி, 1984இல் அதைப் புத்தகமாக்கினார். கதையில் என்ன இருக்கிறது என்று கேட்கப் போனவருக்கு வேறொரு பதிலும் சேர்ந்து கிடைத்தது. படிக்கிற அந்த நேரம் என்னுடையது என்றார்கள் அந்தப் பெண்கள். புருசனும் பிள்ளைகளும் கூப்பிடாத நேரம். கையில் புத்தகம் இருப்பதே 'இப்போ என்னைக் கூப்பிடாதீங்க' என்று சொல்வது மாதிரி.

அதைப் படிக்க எனக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. என் வட்டத்தில் ஒரு சேச்சி, சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் நாவலை வைத்திருப்பார். இன்னொருத்தி, வயசில் சின்னவள், எருமைக்குத் தண்ணி காட்டப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். நாயகி நாலாவது அத்தியாயத்தில் 'எனக்குப் பிடிக்கலை' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறாள் என்றால், தொழுவத்தில் நின்று அதைப் படிக்கிறவளுக்கும் அந்த வாக்கியம் ஒரு தடவை வாய்க்குள் உருண்டு பார்க்கும். அதற்கு மேல் நாவல் என்ன செய்யும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கதை படித்துத் திருந்திய புருசனை இதுவரை நான் பார்த்ததில்லை. அவர்கள் படித்தால்தானே.

புதிதாக இந்த வகைக்குள் வருகிறவர்களிடம் நான் சொல்வது சின்ன வேலைதான். முதல் மூன்று அத்தியாயம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, இரண்டு பேரைப் பற்றியும் கேட்டுப்பாருங்கள்: இவள் எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறாள்? இவன் எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறான்? இரண்டுக்கும் பதில் வந்தால் தொடருங்கள். நாயகியின் கண் அழகும் நாயகனின் கார் விலையும் மட்டும் நினைவுக்கு வந்தால் அடுத்த புத்தகம் எடுங்கள். பையில் இன்னும் பத்தொன்பது இருக்கிறது.

கடலை உரித்த அக்கா இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். நடுவில் ஒரு பக்கம் மடக்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். நாயகன் மன்னிப்புக் கேட்க வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இடம்.

"இந்த எடத்தை மூணு தடவை படிச்சேன்" என்றார். "ஒரு மன்னிப்புக் கேக்கறதுக்கு இத்தனை பக்கம் ஆவுமா அம்மிணி?"

"ஆவுமுங்கக்கா."

உள்ளே யாரோ செருமினார்கள். அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"செரி, அடுத்ததைக் குடு. இதுலயும் கடைசியில சேர்ந்துருவாங்கல்ல?"